இருநூறு வெள்ளிக்குள் ஒரு டேக்: வாங்குவதற்கு முன்னும் பின்னும்

லேப்டாப்பில் ஹெட்ஃபோனைச் செருகுங்கள். பாட்டு எதுவும் ஓட வேண்டாம். ஒலியளவை மெல்ல ஏற்றிவிட்டு மவுஸை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். என் பழைய லேப்டாப்பில் அப்போது காதுக்குள் பூச்சி ஊர்வது மாதிரி கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். மவுஸ் நின்றால் பூச்சியும் நின்றுவிடும். உள்ளே ஓடும் மற்ற வேலைகளின் மின்னிரைச்சல் ஒலி வரும் பாதைக்குள் கசிவதுதான் அது. நாலைந்து வருஷம் அதைச் சகித்துக்கொண்டே வீணைக் கச்சேரி கேட்டிருக்கிறேன். வீணை இழைந்து அடங்கும் இடம் பார்த்து பூச்சி தனி ஆவர்த்தனம் வாசிக்கும். கடைசியில் அதை விரட்டியது இருபது வெள்ளிகூட ஆகாத, விரல் நீள ஒயர் ஒன்று. அதற்கு முன்னால் ஆயிரம் வெள்ளிப் பெட்டிகளைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தேன் என்பது வேறு கதை.

அந்த ஒயருக்குள் இருந்தது ஒரு டிஏசி, பேச்சு வழக்கில் டேக். செய்கிற வேலை ஒன்றுதான். சிடி தரத்தில் உள்ள பாட்டில் இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாக விநாடிக்கு 44,100 எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு எண்ணும் 65,536 படிகளில் ஏதோ ஒரு படி. ஸ்பீக்கருக்கு எண் புரியாது, மின்னழுத்தம் ஏறி இறங்கினால்தான் அதன் கூம்பு முன்னும் பின்னும் அசையும். எண்களை அந்த ஏற்ற இறக்கமாக மாற்றித் தருவது டேக். போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்குள்ளும் ஏற்கெனவே ஒன்று உண்டு. நாம் வெளியே தனியாக வாங்குவது, உள்ளே இருப்பது சரியில்லை என்றாலோ, அதிலிருந்து ஒலியை எடுக்க ஓட்டையே இல்லை என்றாலோதான்.

(இந்த விஷயத்தில் நம் சிங்கப்பூருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் பீப் பீப் என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற ஒலி அட்டையைக் கொண்டுவந்தது இங்கே பிறந்த கிரியேட்டிவ் கம்பெனி. அதைத் தொடங்கிய சிம் வோங் ஹூ 2023இல் காலமானார். இன்றும் அவர்களுடைய டேக்குகள் கிடைக்கின்றன.)

உங்களுக்கு இது வேண்டுமா?

ஊட்லண்ட்ஸில் இருக்கும் என் சித்தப்பா நூற்றைம்பது வெள்ளி கொடுத்து ஒரு டேக் வாங்கி மேசையில் வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். "தம்பி, இதில் என் புளூடூத் ஹெட்ஃபோனை எங்கே செருகுவது?" எங்கேயும் செருக முடியாது. புளூடூத் ஹெட்ஃபோனுக்குள், புளூடூத் ஸ்பீக்கருக்குள், சவுண்ட்பாருக்குள், யுஎஸ்பியில் நேராக மாட்டும் ஸ்பீக்கருக்குள் டேக் உட்கார்ந்திருக்கிறது. எண்களாகவே போய் அங்கேதான் ஒலியாக மாறுகிறது. இவற்றில்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

வேண்டியவர்கள் யார் என்றால், ஒயர் ஹெட்ஃபோன் வைத்துக்கொண்டு போனில் ஓட்டை இல்லாமல் தவிப்பவர்கள், என்னைப் போல லேப்டாப் இரைச்சல் கேட்பவர்கள், வீட்டில் பழைய ஆம்ப்பும் (ஒலி சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் பெட்டி) ஸ்பீக்கரும் இருந்து அதில் போன் பாட்டையோ டிவியையோ கேட்க நினைப்பவர்கள். அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேக் பாட்டை அழகாக்காது. சிராங்கூன் ரோட்டுக் கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து என் அப்பா பதிந்து வாங்கிய பாட்டுகளை நான் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அந்த நாடாவின் உஸ்ஸென்ற சத்தம் எந்த டேக்கிலும் அப்படியேதான் வரும், இன்னும் சொன்னால் நல்ல டேக்கில் தெளிவாகவே வரும். ஒலி நிஜமாக மாற வேண்டும் என்றால் ஸ்பீக்கரையோ ஹெட்ஃபோனையோ மாற்ற வேண்டும். கையில் ஐந்நூறு வெள்ளி இருந்தால் நூறை டேக்குக்கும் நானூறை ஹெட்ஃபோனுக்கும் போடுங்கள். தலைகீழாகச் செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு முறை செய்திருக்கிறேன்.

எது வாங்குவது?

ஹெட்ஃபோன் மட்டும்தான் என்றால் டாங்கிள் போதும், அதாவது ஒரு முனையில் யுஎஸ்பி-சி, மறுமுனையில் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள குட்டி ஒயர். ஆப்பிள் விற்கும் யுஎஸ்பி-சி ஹெட்ஃபோன் அடாப்டரே ஒரு முழு டேக்தான், அந்த விலைக்கு அதன் தரம் வியப்பானது. ஆப்பிள் அல்லாத லேப்டாப்பிலும் வேலை செய்யும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் பாதிதான் வரும், ஏனென்றால் அந்த அடாப்டருக்குள் இருக்கும் ஒலியளவை போன் முழுசாகத் திறப்பதில்லை. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள் ஃபியோ மாதிரி கம்பெனிகளின் டாங்கிளைப் பாருங்கள். நாற்பது ஐம்பது வெள்ளியில் தொடங்கி நூறு வரை நிறைய இருக்கிறது.

அடுத்து உங்கள் ஹெட்ஃபோனின் ஓம் எண்ணை, அதாவது மின்தடை அளவைப் பாருங்கள், பெட்டியில் போட்டிருக்கும். 16, 32 என்று இருந்தால் பெரும்பாலும் எந்த டாங்கிளும் ஓட்டிவிடும். செனைசர் எச்டி 600 மாதிரி 300 ஓம் ஹெட்ஃபோன் என்றால் சின்ன டாங்கிளில் சத்தம் போதாமல் போகலாம், ஆம்ப்பும் சேர்ந்த மேசை டேக் வாங்குவது நல்லது.

ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் என்றால் மேசை மேல் வைக்கும் பெட்டி வகை. பின்னால் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஓட்டைகள் இருக்கும். சீனாவின் டாப்பிங், எஸ்எம்எஸ்எல், ஃபியோ, பிரிட்டனின் ஐஃபை, அமெரிக்காவின் ஷீட், இவர்களின் ஆரம்ப நிலைப் பெட்டிகள் பலவும் ஏறத்தாழ நூறிலிருந்து முந்நூறு வெள்ளிக்குள் அடங்கும். இருநூறுக்கு மேல் போக வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு எந்தக் காரணமும் இல்லை என்பது என் கட்சி. அளந்து பார்த்தால் இந்தப் பெட்டிகளின் இரைச்சலும் திரிபும் காது பிடிக்கும் எல்லைக்குக் கீழே எப்போதோ போய்விட்டன.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஓட்டைகளை. யுஎஸ்பி இருக்கிறதா (கம்ப்யூட்டருக்கும் போனுக்கும்), ஒளி வழியாக ஒலியை அனுப்பும் ஆப்டிகல் இருக்கிறதா (டிவிக்கு), புளூடூத் இருக்கிறதா (வீட்டில் மற்றவர்கள் சட்டென்று பாட்டுப் போட). ரிமோட் வருகிறதா என்றும் பாருங்கள், டிவியோடு சேர்க்கப்போகிறீர்கள் என்றால் அது ரொம்ப முக்கியம், ஏன் என்று கீழே வரும்.

பார்க்க வேண்டாதது பெட்டி மேல் அச்சடித்த பெரிய எண்களை. 768 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் என்றெல்லாம் இருக்கும். நம் காது கேட்பது 20 கிலோஹெர்ட்ஸ் வரை, வயது ஏற ஏற அதுவும் இறங்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சிடியே அதில் பாதி, அதாவது 22 வரை தாங்கும். 16 பிட் என்றால் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி. சன்னலுக்கு வெளியே பஸ்ஸும், மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தமும் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டில் அதையே நாம் முழுசாகப் பயன்படுத்துவதில்லை. பழைய பெட்டிகளில் எம்க்யூஏ என்ற ஒலிக் கோப்பு வடிவத்துக்கு ஒரு விளக்கு எரியும், விற்பவர் அதைக் காட்டி விலை ஏற்றினால் கண்டுகொள்ளாதீர்கள். அதை அதிகம் நம்பியிருந்த டைடல் பாட்டுச் சேவையே 2024இல் ஃப்ளாக் என்ற வேறு வடிவத்துக்கு மாறிவிட்டது.

சிப் பெயரைச் சொல்லி மயக்குவதும் அப்படித்தான். ஏகேஎம் சிப் இனிமை, ஈஎஸ்எஸ் சிப் கூர்மை என்று ஒரு பேச்சு நெடுநாளாக இருக்கிறது. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயொகாவில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்து, சிப் கிடைக்காமல் பல கம்பெனிகள் ஈஎஸ்எஸ்ஸுக்கு மாறின. அப்படி மாறிய பெட்டிகளை மறைத்து வைத்துக் கேட்டால் பெயர் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் தேறுவார்களோ.

எங்கே வாங்குவது?

காதால் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்றால் கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் அடெல்ஃபிக்குப் போங்கள், சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி நடக்கிற தூரம். மாடி மாடியாக ஆடியோ கடைகள். பாதிக் கடைகளில் விலைச்சீட்டைப் பார்த்தால் கார் வாங்கிவிடலாம் போலிருக்கும், பயப்பட வேண்டாம், பார்க்கக் காசில்லை. உங்கள் ஹெட்ஃபோனையும் நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பாட்டுகளையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

இணையத்தில் வாங்கினால், வெளிநாட்டிலிருந்து வரும் 400 வெள்ளிக்குட்பட்ட பொருளுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது அது 9 விழுக்காடு. அதையும் சேர்த்துத்தான் உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டால் பல நேரம் வித்தியாசம் பத்துப் பதினைந்து வெள்ளிதான் நிற்கும், அதற்காக உத்தரவாதத்தை இழக்க வேண்டுமா என்று யோசியுங்கள். அமெரிக்காவிலிருந்து நேரே வரவழைத்தால் மின் அடாப்டர் 120 வோல்ட்டா என்று பாருங்கள். நம் ஊரில் 230. தெரியாமல் செருகினால் ஒரு வாசனை வரும், அப்புறம் எதுவும் வராது. அடாப்டரில் இங்குள்ள பாதுகாப்புச் சின்னம் இருக்கிறதா என்றும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரசல் தளத்தில் பழைய டேக் வாங்கலாம், நான் இரண்டு வாங்கியிருக்கிறேன். டேக்கில் தேய்வதற்கு அதிகம் இல்லை. எம்ஆர்டி நிலையத்தில் நின்று கைமாற்றும்போதே போனில் செருகி, இரண்டு காதிலும் வருகிறதா, ஒலியளவுக் குமிழைத் திருகினால் கரகரக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டம், பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியவரும் பழுதுக்குக் கடைக்காரரைப் பொறுப்பாக்கும். தனியாரிடம் வாங்கினால் அது உதவாது.

மாட்டும் வரிசை

ஆம்ப்பை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆர்சிஏ ஒயரில் சிவப்பு வலது, வெள்ளை இடது. டேக்கிலிருந்து ஆம்ப்பின் பின்னால் சிடி அல்லது ஆக்ஸ் என்று எழுதிய ஓட்டைக்குப் போக வேண்டும். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் மாட்டாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மிகச் சின்ன சிக்னலைப் பல மடங்கு பெருக்குவதற்காக உள்ளது; டேக் தருவது இரண்டு வோல்ட். போன் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு "போன் பாட்டுக்கு இதுதானே" என்று என் நண்பர் மாட்டினார், வந்த சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து பார்த்தார்.

பிறகு யுஎஸ்பி ஒயர். டேக்கோடு வந்ததையே போடுங்கள். வீட்டில் கிடக்கும் சார்ஜர் ஒயர்களில் சில மின்சாரம் மட்டும் கடத்தும், விவரம் கடத்தாது. விளக்கு எரியும், கம்ப்யூட்டர் மட்டும் டேக்கைக் கண்டுகொள்ளாது. ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க நான் டிரைவரைத் தேடி அலைந்து, கடைசியில் பிரச்சினை அந்த ஒயரில் இருந்தது. மேக்கிலும், 2017க்குப் பிறகு வந்த விண்டோஸ் பதிப்புகளிலும் பெரும்பாலான டேக்குக்குத் தனியாக டிரைவர் தேவையே இல்லை.

எல்லாம் மாட்டிய பிறகு ஆம்ப் குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கடைசியாக ஆம்ப்பைப் போடுங்கள். அணைக்கும்போது முதலில் ஆம்ப். இந்த வரிசை மாறினால் ஸ்பீக்கரில் டப் என்று ஒரு அடி விழும்.

விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குள் போய் வெளியீடாக டேக்கைத் தேர்ந்தெடுங்கள், 24 பிட், 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள், ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் எதுவும் இருந்தால் அணையுங்கள். ஆம்ப்பில் குமிழ் இருந்தால் கம்ப்யூட்டர் ஒலியளவை 100இல் வைத்துவிட்டு இனிமேல் குமிழை மட்டும் திருகுங்கள். ஹெட்ஃபோனை நேராக டாங்கிளில் மாட்டுபவர்கள் இதைச் செய்யக் கூடாது, காது போய்விடும்.

பாட்டு வரும் இடமும் முக்கியம். ஆப்பிள் மியூசிக்கில் 2021 ஜூனிலிருந்து லாஸ்லெஸ் (விவரம் எதையும் இழக்காத ஒலி) உண்டு, ஆனால் அமைப்புக்குள் போய் நாம்தான் திறந்துவிட வேண்டும். ஸ்பாட்டிஃபையும் 2025 செப்டம்பரில் அதைக் கொண்டுவந்தது. மற்றபடி, அம்மா போனில் கேட்கும் ஒலி 96.8 வானொலிக்கு இதெல்லாம் ஒரு வித்தியாசமும் செய்யாது. அதற்குப் பேசாமல் புளூடூத்தில் விட்டுவிடுங்கள்.

டிவியோடு சேர்ப்பவர்களுக்கு

போன வருஷம் தீபாவளிக்கு முதல் நாள் இரவு, சொந்தக்காரர்கள் வருவதற்குள் டிவியைப் பழைய ஸ்பீக்கரோடு சேர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆப்டிகல் ஒயரைச் செருகினால் முனையில் சிவப்பாக வெளிச்சம் வருகிறது, டேக்கில் விளக்கு எரிகிறது, ஒரு சத்தமும் இல்லை. சேனலை மாற்றினால் சில சேனலில் வருகிறது, சிலவற்றில் இல்லை. முறுக்குப் பிழிந்துகொண்டே மனைவி மூன்று முறை எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு மணிக்குத்தான் புரிந்தது: டிவி ஒலியை டால்பி டிஜிட்டலாகச் சுருக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது, டேக்குக்கு அந்த மொழி தெரியாது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு என்ற இடத்தில் பிசிஎம் (சுருக்காத ஒலி) என்று மாற்றினேன், உடனே வசந்தம் சேனலில் விளம்பரம் முழங்கியது. ஆட்டோ, பிட்ஸ்ட்ரீம் என்று எது இருந்தாலும் பிசிஎம்முக்கு மாற்றுங்கள்.

அடுத்த நாள் காலையில் இன்னொன்று. டிவி ரிமோட்டில் ஒலியளவு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, ஏனென்றால் பல டிவிகளில் ஆப்டிகல் வழியாகப் போகும் ஒலி ஒரே அளவில்தான் போகும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஆம்ப் வரை எழுந்துபோய்க் குமிழைத் திருகச் சொல்ல முடியுமா? ரிமோட் உள்ள டேக் வாங்குங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

ம்ம்ம் என்று இரைந்தால்

லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று அடித்தொண்டைச் சத்தம் வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் டேக்கில் குறை இல்லை. லேப்டாப்பும் ஆம்ப்பும் இரண்டு வழியாக எர்த்தோடு சேர்ந்து, நடுவில் ஒரு சுற்று உருவாகிவிட்டது. இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் மாட்டினால் பல நேரம் குறையும். கம்ப்யூட்டரில் ஆப்டிகல் ஓட்டை இருந்தால் அதில் போங்கள், ஒளியில் போகும் ஒயரில் மின்சாரம் போகாது என்பதால் அந்தச் சுற்றே அறுந்துவிடும். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றிவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது உயிர் காக்கும் ஒயர்.

பாட்டு நடுவே டக் டக் என்று விட்டுவிட்டு வந்தால் யுஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேராகச் செருகுங்கள். எனக்கு ஹப்பைக் கழற்றியதும் சரியானது.

இனி அடுத்த விலைப் பெட்டிக்கு மனசு தாவும்போது செய்ய ஒரு சோதனை இருக்கிறது. நான் செய்தேன். டாங்கிளையும், நண்பரிடம் இரவல் வாங்கிய ஒரு ஆயிரம் வெள்ளி டேக்கையும் ஒரே ஆம்ப்பில் மாட்டி, இரண்டின் ஒலியளவையும் மல்டிமீட்டர் வைத்துச் சமமாக்கினேன் (கொஞ்சம் சத்தம் கூடினாலே அது நல்லதாகத் தோன்றும், கடைகளில் பாதி வியாபாரம் இதில்தான் நடக்கிறது). என் மனைவி ஆம்ப் முன்னால் நின்று எதைப் போடுகிறார் என்று சொல்லாமல் மாற்றினார், நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து எது எது என்று சொன்னேன். பத்தில் ஐந்து சரி. காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அதே ஐந்துதான் வந்திருக்கும். "அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேசையைச் சுத்தம் பண்ணுங்க" என்றார்.

டாங்கிள் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அது சாவது பெரும்பாலும் கழுத்தில், ஒயர் பிளக்கோடு சேரும் இடத்தில். போனோடு பாக்கெட்டில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும், ஒரு காதில் மட்டும் பாட்டு வரத் தொடங்கினால் அதுதான் அறிகுறி. ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய டாங்கிள்கள் இருக்கின்றன, ஐந்தாறு வெள்ளி கூடினாலும் அதை எடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஹெட்ஃபோன் பிளக்கிலும் படலம் படியும், மாதம் ஒரு முறை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள்.